காத்திருக்கச் சொல்லாத சட்டம்

(மொன்றியல், சென்ட் லோரன்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இத்தகைய மேடைகளில் சங்க இலக்கியமும் ஈழத்து வரலாறும் பேசக் கேட்டிருக்கிறோம். இவ்வாண்டு, பள்ளிக்கூடத்தில் சிறப்புக் கல்வி ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று அறங்காவலர்கள் தீர்மானித்தார்கள். அதற்கு முதலில் நன்றி. நம் மேடைகளில் இந்தப் பிள்ளைகளின் பேச்சு எழுவது அபூர்வம். நான் வழக்கறிஞரும் அல்லேன், உளவியலாளரும் அல்லேன். சென்ட் லோரன்டிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் தமிழ்ப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் பள்ளிக் கூட்டங்களில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறவள். அந்த மேசையருகே கண்டதையும், அந்த மேசைக்குப் போகுமுன் நாம் அறிந்திருக்க வேண்டிய சட்டத்தையும் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ட் லோரன்ட் 2002 வரை தனி நகரம். இன்று மொன்றியலின் ஒரு பகுதி. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் இந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி, குடிவந்தோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்கே போகவேண்டும். அந்தப் பள்ளிகளை நடத்துவது மார்கெரித் பூர்ஜுவா பள்ளிச் சேவை மையம். 2020வரை அது பள்ளிச் சபையாக இருந்தது. அந்த ஆண்டு மாகாண அரசு பிரெஞ்சுப் பள்ளிச் சபைகளைக் கலைத்துச் சேவை மையங்களாக்கியது. அதன் தலைமையகம் நமக்குத் தூரத்தில் இல்லை, கோட் வெர்த்து பெருந்தெருவிலேயே இருக்கிறது.

நம் பிள்ளைகளில் ஒருவருக்குப் பேச்சு பிந்துகிறது, வாசிப்பு ஏறவில்லை, வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேர முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளை இங்கே இரண்டு வரிசைகளில் நிற்கவேண்டி வருகிறது. ஒன்று, “பிரெஞ்சு வரட்டும், பார்ப்போம்” என்ற வரிசை. மற்றது, “மருத்துவப் பரிசோதனை முடியட்டும், பார்ப்போம்” என்ற வரிசை. இரண்டிலும் ஆண்டுகள் போகின்றன. கியூபெக் சட்டம் இந்த இரண்டு வரிசைகளில் எதிலும் நிற்கச் சொல்லவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

பொதுக்கல்விச் சட்டத்தின் 96.14ஆம் பிரிவை நீங்கள் எண்ணாகவே நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கோ, கற்றலில் அல்லது நடத்தையில் இடர்ப்படும் பிள்ளைக்கோ, அதன் தேவைக்கு ஏற்ற தனித்திட்டம் ஒன்றைப் பள்ளி அதிபர் வகுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பிரெஞ்சில் அதன் பெயர் பிளான் டன்டர்வான்சியோன். இங்குள்ளவர்கள் பேச்சில் ‘பே-ஈ’ என்பார்கள். அதை அதிபர் தனியே எழுதிவிட முடியாது. பெற்றோர், பிள்ளையோடு வேலை செய்யும் பள்ளிப் பணியாளர்கள், இயலுமானால் பிள்ளையும் உட்பட, எல்லாருடைய உதவியோடும் வகுக்க வேண்டும். அது நடைமுறையில் இருக்கிறதா என்று அதிபர் பார்க்கவேண்டும். காலத்துக்குக் காலம் மதிப்பிடவேண்டும். பெற்றோருக்குத் தவறாமல் தெரியப்படுத்தவேண்டும். நோயின் பெயர் எழுதிய மருத்துவக் கடிதம் வந்த பிறகுதான் இதெல்லாம் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் கேட்பது பிள்ளைக்கு என்ன தேவை என்பதையே.

முதல் வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுகிறேன். நம் வீடுகளை அதிகம் பாதிப்பது அதுதான்.

பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளை இங்கே ‘கிளாஸ் டக்கேய்’ என்ற வரவேற்பு வகுப்பில் உட்காரும். அது நல்ல ஏற்பாடு. சிறிய வகுப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஓராண்டு, இரண்டாண்டில் மொழியைப் பிடித்துக்கொண்டு வழமையான வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். போகாத ஒரு பிள்ளை இருக்கும். இங்கேயே பிறந்து, நான்கு வயதில் நேரே மழலையர் வகுப்புக்குப் போய், ஆறு வயதிலும் இரண்டு சொல் வாக்கியத்தைத் தாண்டாத பிள்ளையும் இருக்கும். ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் சொல்வார், வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், ஆகவே தாமதமாகும், பொறுத்திருங்கள் என்று. ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “அக்கா, ரீச்சர் சொல்லுறா பிரெஞ்சு வந்தா எல்லாம் சரியாகுமாம். ஆனா இவனுக்குத் தமிழும் வரேல்லையே.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியமான சான்று. அதைச் சொல்ல அந்தத் தாயால் மட்டுமே முடியும்.

மொழி வளர்ச்சிக் கோளாறு என்று ஒன்று உண்டு. நூறு பிள்ளைகளில் ஏழு பேர் அளவுக்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அது வருவதில்லை. இரு மொழிப் பிள்ளைக்கு அது இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். பிரெஞ்சில் மட்டும் தடுமாறி, அம்மம்மாவோடு தமிழில் சரளமாகச் சண்டை பிடிக்கும் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் நேரம். தமிழிலும் சொல் தேடும், இரண்டு வேலையை ஒன்றாகச் சொன்னால் ஒன்றை மறக்கும், அண்ணனும் அக்காவும் அந்த வயதில் பேசியதில் பாதியும் பேசாத பிள்ளைக்கு வேண்டியது பேச்சு மொழி வல்லுநர். இங்கே அவரை ஓர்த்தோபோனிஸ்ட் என்பார்கள். பிள்ளையின் தமிழைக் கேட்டறியாமல் இந்த இரு வகைப் பிள்ளைகளையும் பிரித்தறிவது கடினம். தமிழில் தரப்படுத்திய சோதனைகள் மொன்றியல் பள்ளிகளில் கையில் இல்லை என்பதால், தாய் சொல்லும் வரலாறுதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. முதல் சொல் எப்போது வந்தது, முதல் வாக்கியம் எப்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புமா, வினைமுற்றில் ஆள் மாறுகிறதா, ஐந்து வயதிலும் ‘நான் போனான்’ என்று சொல்கிறதா: இவற்றைத் தேதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் பிள்ளை வீட்டில் பேசுவதைப் பதிந்து கொண்டுபோங்கள். நான் பார்த்தவரை, ஒரு நிமிட ஒளிப்பதிவு பத்து நிமிட விளக்கத்தைவிடக் கூட்டத்தின் போக்கை மாற்றுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு தீமை இருக்கிறது. “வீட்டில் தமிழை விடுங்கள், பிரெஞ்சு மட்டும் பேசுங்கள்” என்ற அறிவுரை. பள்ளியில் சொன்னவர்கள் உண்டு, மருத்துவ நிலையங்களில் சொன்னவர்கள் உண்டு. நம் உறவினர் சொல்வதும் இதையே. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு, டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைக்கு இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. இந்த அறிவுரைக்கு ஆதாரம் இல்லை. அதை மறுக்கும் ஆய்வுகளில் முக்கியமானவை நடந்தது நம் நகரத்திலேயே, மக்கில் பல்கலைக்கழகத்தில். பிரெட் ஜெனிசீ அங்கே பல பத்தாண்டுகளாக இருமொழிப் பிள்ளைகளை ஆராய்ந்தவர். ஜோஹான் பாரடிஸ், மார்த்தா கிரேகோ ஆகியோரோடு அவர் எழுதிய நூல் 2004இல் வந்தது. மொழிக் கோளாறு உள்ள பிள்ளையும் இரண்டு மொழி கற்க முடியும் என்பதை அது விரிவாகப் பேசுகிறது. அதே பல்கலைக்கழகத்தில் எலின் தோர்தார்டோட்டிர் மொன்றியல் பிள்ளைகளின் இருமொழி வளர்ச்சியை அளந்தார். அனா மரியா கொன்சாலஸ் பரேரோவும் அபர்ணா நாடிக்கும் இருமொழி பேசும் ஓட்டிசப் பிள்ளைகளைப் பார்த்து, இரண்டாவது மொழி அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை, ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தை மாற்றும் திறனில் உதவியும் இருக்கலாம் என்று கண்டார்கள். டவுன் நோய்க்குறி உள்ள இருமொழிப் பிள்ளைகளைப் பற்றி எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வும், அவர்கள் ஒரு மொழி மட்டும் பேசும் டவுன் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்றே காட்டியது.

தாய்க்குத் தெரிந்த மொழியை வீட்டிலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை யாரோடு பேசும்? அரைகுறைப் பிரெஞ்சில் தாய் பேசும் நான்கு கட்டளை வாக்கியங்கள்தான் வீட்டில் மிஞ்சும். தாலாட்டு, கதை, கோபம், கொஞ்சல் எல்லாம் போய்விடும். ஏற்கெனவே சொற்கள் குறைவாக உள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே யார் சொன்னாலும், எந்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னாலும், தமிழை விடாதீர்கள்.

இரண்டாவது வரிசை பரிசோதனைக்கானது. குடும்ப மருத்துவர் அல்லது சி.எல்.எஸ்.சி. என்ற வட்டாரச் சுகாதார நிலையம் வழியாகப் பெயர் கொடுத்து, சிறார் மருத்துவமனையிலோ மதிப்பீட்டு நிலையத்திலோ முறை வரும்வரை காத்திருப்பது. மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகலாம். தனியாரிடம் போனால் விரைவாக முடியும். முழு மதிப்பீட்டுக்கு ஆயிரம் டொலரைத் தாண்டும். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது வாடகைக் காசு.

பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு பயன் உண்டு. கியூபெக் கல்வி அமைச்சு மாற்றுத்திறன் பிள்ளைகளை எண்களால் வகைப்படுத்துகிறது: ஓட்டிசத்துக்கு 50, கடுமையான மொழிக் கோளாறுக்கு 34, செவித்திறன் குறைபாட்டுக்கு 44, பார்வைக்கு 42, நடுத்தரம் முதல் கடுமை வரையான அறிவுசார் குறைபாட்டுக்கு 24 என்று. நெடுங்காலம் பள்ளிக்கு வரும் பணத்தின் ஒரு பகுதி இந்த எண்களைப் பின்தொடர்ந்து வந்தது. எண் கிடைக்க வல்லுநர் அறிக்கை வேண்டும். ஆகவே அதிபர் அறிக்கையைக் கேட்பது இயல்பே. ஆனால் எண் இல்லை என்ற காரணத்தால் திட்டமும் இல்லை என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பான பேச்சு. வரிசையில் நிற்கும் காலத்திலும் பிள்ளை வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கும் அதற்கு ஆசிரியை அருகே ஓர் இருக்கை வேண்டும், படம் போட்ட நாட்குறிப்பு வேண்டும், வாரத்தில் சில மணி நேரம் கற்றல் இடர் ஆசிரியரான ஓர்த்தோபெடகோக்கின் உதவி வேண்டும். இவற்றுக்கு எந்த மருத்துவரின் கையெழுத்தும் தேவையில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவே. தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். ‘என் பிள்ளைக்கு 96.14ஆம் பிரிவின்படி தனித்திட்டக் கூட்டம் வேண்டும்’ என்று அதிபருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். பிரெஞ்சு தெரியாவிட்டால் இந்த மண்டபத்தில் உள்ள யாரும் எழுதித் தருவார்கள். அனுப்பிய தேதி ஒருநாள் உங்களுக்கு உதவும்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். ஒரு சிறிய அறை, நீள மேசை. ஒரு பக்கம் துணை அதிபர், வகுப்பாசிரியை, ஓர்த்தோபெடகோக், சில வேளை உளவியலாளர், ‘தே-ஊ-எஸ்’ என்று அழைக்கப்படும் சிறப்புக் கல்விப் பணியாளர். மறுபக்கம் தாய், தனியாக. தந்தை வேலையில் இருப்பார். ஐந்தாறு பேர் மாறிமாறிப் பேசுவார்கள், முக்கால் மணி நேரம் ஆகிவிடும், கையெழுத்துப் போடத் தாள் வரும். நம் அம்மாமார் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்திடுவார்கள். ஆசிரியர் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை நல்லதுதான். ஆயினும் இந்த அறையில் தாய் விருந்தாளி அல்லர். சட்டம் அவரைத் திட்டம் வகுப்போரில் ஒருவராக உட்கார வைத்திருக்கிறது. அவர் பேசாவிட்டால் அந்தப் பிள்ளையை இருபத்துநான்கு மணி நேரமும் அறிந்த ஒரே ஆள் பேசவில்லை என்றாகிறது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தம்பியின் குறைகளைத் தாய்க்குச் சொல்லும் பாரத்தைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் வைப்பது நியாயம் இல்லை. அவள் கடுமையான சொற்களை மென்மையாக்கிச் சொல்வாள், அன்பினால். பிறகு தாய்க்கு உண்மை நிலை தெரியாமலே போகும்.

தாளில் எதைப் பார்ப்பது? பிள்ளையின் பலம், தேவை, இலக்கு, வழி, பொறுப்பாளர், திரும்பப் பார்க்கும் தேதி. ‘வாசிப்பை மேம்படுத்துதல்’ என்று எழுதியிருந்தால் அது இலக்கு அல்ல. எந்த மாதத்துக்குள், எந்த வகை நூலை, யாருடைய உதவியோடு, வாரத்தில் எத்தனை முறை என்று வரவேண்டும். ‘தேவைப்படும்போது உதவி’ என்ற தொடரை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். தேவைப்படும்போது என்பதை யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அந்தத் தாளில் இரண்டு வேறுபட்ட உதவிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று தகவமைப்பு. பரீட்சைக்கு மூன்றிலொரு பங்கு கூடுதல் நேரம், எழுத்தை உரக்க வாசிக்கும் கணினி, அமைதியான அறை போன்றவை. பாடம் அதே பாடம், புள்ளியும் அதே புள்ளி. சான்றிதழுக்கு எந்தக் குறையும் வராது. மற்றது எதிர்பார்ப்பை மாற்றுவது. பிரெஞ்சில் மொடிஃபிகாசியோன். பிள்ளையிடம் அந்த வகுப்பின் அளவைக் கேட்காமல், அதற்குக் கீழான அளவைக் கேட்பது. சில பிள்ளைகளுக்கு இது அவசியம். அவர்களுக்கு இது மூச்சு விட இடம் தருகிறது. ஆனால் இது அந்த வகுப்பின் தேர்ச்சி ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தால் மேல்நிலைப் பள்ளியில் வழமையான டிப்ளோமாப் பாதை அடைபடும். நல்ல புள்ளி வந்த அறிக்கையைப் பார்த்துப் பிள்ளை தேறிவிட்டது என்று கோவிலில் பொங்கல் வைத்த குடும்பம் எனக்குத் தெரியும். அந்தப் புள்ளி மாற்றிய எதிர்பார்ப்புக்கு உரியது என்பது அவர்களுக்கு மேல்நிலைப் பள்ளி வாசலில்தான் தெரிந்தது. ஆகவே மேசையில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: இது தகவமைப்பா, மாற்றமா? மாற்றம் என்றால் எந்தப் பாடத்தில், ஏன், எதுவரை? கையெழுத்தை அன்றே போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தரலாம்.

கணினி வேண்டுமென்றால் அதற்கென நிதி ஏற்பாடு உண்டு. அதில் வாங்கும் மடிக்கணினியும் மென்பொருளும் பள்ளியின் சொத்து, பயன்படுத்துவது பிள்ளை. திட்டத்தில் எழுதியிருந்தால்தான் அது அசையும்.

ஆசிரியர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு அவர்களுக்கு எதிரானது அல்ல. 2023 நவம்பர் 23இல் ஒரு பெரிய ஆசிரியர் கூட்டமைப்பு காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஐந்து வாரம் சம்பளமின்றித் தெருவில் நின்றார்கள். நம் பகுதிப் பள்ளிகளும் மூடியிருந்தன. அவர்கள் கேட்டவற்றில் முன்னின்றது வகுப்பின் அமைப்பு: ஒரே வகுப்பில் இடர்ப்படும் பிள்ளைகள் பலர், துணைக்கு ஆள் இல்லை என்பது. நாம் கேட்பதும் அதையே. மாகாண மனித உரிமை ஆணையம் 2018இல் இந்தப் பிள்ளைகளின் கல்வி உரிமை பற்றி ஒரு முழு ஆய்வு வெளியிட்டது. 2022 ஜூனில் கியூபெக் மக்கள் குறைகேள் அதிகாரி தொடக்கப் பள்ளிகளைப் பற்றிச் சிறப்பு அறிக்கை தந்தார். சேவை பிள்ளையின் தேவையைப் பார்த்து அமையவேண்டும், கையிருப்பைப் பார்த்து அல்ல என்பதே அதன் சாரம். ஆகவே ‘ஆள் இல்லை’ என்று பள்ளியில் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பதிலோடு நாம் வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

பணம் இல்லை என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கனடிய உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 9இல் மூர் வழக்கில் சொல்லியிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வட வன்கூவரில் கடுமையான டிஸ்லெக்சியா உள்ள ஒரு சிறுவன். அவனுக்கு வேண்டிய தீவிரப் பயிற்சியைத் தந்த நிலையத்தைப் பள்ளி மாவட்டம் செலவைக் குறைக்க 1994இல் மூடியது. குடும்பம் அவனைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டது. தீர்ப்பாயத்தில் வென்று, மேல்நீதிமன்றங்களில் தோற்று, ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றத்தில் ஏகமனதாக வென்றார்கள். நிலையத்தை மூடிய மாவட்டம் வெளிக்களப் பள்ளி போன்ற கட்டாயமல்லாத நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நடத்தியது. மூடினால் இந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று மாற்று வழி எதையும் ஆராயவில்லை. அதை நீதிமன்றம் குறித்துக் காட்டியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரோசலி அபெல்லா சிறப்புக் கல்வியைச் சக்கர நாற்காலிக்குரிய சரிவுப் பாதையோடு ஒப்பிட்டார். கட்டடத்துக்குள் போவது எல்லாருக்கும் உரிய உரிமை. சரிவுப் பாதை சிலருக்கு அந்த உரிமையை அடையும் வழி. தனியார் பள்ளிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவாயிற்று. அந்தச் சிறுவன் அதற்குள் வளர்ந்த மனிதனாகிவிட்டான். வழக்கு கடைசி ஆயுதம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அதற்கு முன் ஒரு படிக்கட்டு இங்கே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 28இலிருந்து தேசிய மாணவர் காப்பாளர் என்ற அமைப்பு நடைமுறையில் உள்ளது. முதலில் சம்பந்தப்பட்டவரிடமோ அவருடைய மேலாளரிடமோ முறையிடவேண்டும். அவர்களுக்குப் பத்து வேலை நாள். திருப்தி இல்லையென்றால் சேவை மையத்தின் முறைப்பாட்டு அதிகாரி; பதினைந்து வேலை நாள். அதற்கும் மேல் வட்டார மாணவர் காப்பாளர். இருபது வேலை நாள். கட்டணம் எதுவும் இல்லை. எழுத உதவி வேண்டுமென்றால் காப்பாளர் அலுவலகத்திலேயே கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கியூபெக் அலுவலகமும் இருக்கிறது, 1978இலிருந்து. பெற்றோருக்கு வழிகாட்டி, திட்டங்களைப் புரிந்துகொள்ள இலவசமாக உதவுகிறார்கள். நம்மில் பலர் அதன் பெயரையே கேட்டதில்லை.

சிறப்பு வகுப்பு, சிறப்புப் பள்ளி என்றதும் நம்மவர்க்கு முகம் வாடிவிடுகிறது. ‘விசர்ப் பள்ளிக்கூடம்’ என்ற சொல்லை இன்னமும் நம் வீடுகளில் கேட்கிறேன். அது என்னைத் துன்புறுத்துகிறது. பொதுக்கல்விச் சட்டத்தின் 235ஆம் பிரிவு வழமையான வகுப்பில் இணைப்பதை நோக்கியே பேசுகிறது: அது பிள்ளையின் கற்றலுக்கும் பழகுதலுக்கும் உதவும் என்று மதிப்பீடு காட்டினால், மற்றப் பிள்ளைகளின் உரிமைக்குப் பெரும் இடையூறாகாவிட்டால் இணைக்கவேண்டும். ஆகவே சிறப்பு வகுப்புக்கு அனுப்புகிறோம் என்றால் எந்த மதிப்பீட்டின் அடிப்படையில் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே வேளை அங்கே போவது தோல்வியும் அல்ல. சென்ட் லோரன்டிலேயே பீட்டர் ஹால் பள்ளி இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது, சேவை மையங்கள் உடன்படிக்கை வழியாகப் பிள்ளைகளை அங்கே அனுப்புகின்றன. ஓட்டிசப் பிள்ளைகளுக்கான ஜயன்ட் ஸ்டெப்ஸ் பள்ளி 1980இலிருந்து மொன்றியலில் இயங்குகிறது. இரைச்சலில் தினமும் அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளை எட்டுப் பேர் வகுப்புக்கு மாறிய பிறகு முதன்முறையாகப் பள்ளிப் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். எந்த வகுப்பு என்பதைத் தீர்மானிக்கவேண்டியது அந்தப் பிள்ளையின் நலமே. ஊர்ப் பேச்சு அல்ல.

இரண்டு மொழி தாங்காது, ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் தேறும் என்று வல்லுநர் கருதும் பிள்ளைகளும் உண்டு. பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 81ஆம் பிரிவு கடுமையான கற்றல் இடர் உள்ள பிள்ளைக்கு, அதன் கற்றலுக்கு உதவும் என்றால், பிரெஞ்சுப் பள்ளிக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்க இடம் தருகிறது. எல்லாருக்கும் பொருந்தும் குறுக்குவழியாக இதை எண்ணவேண்டாம். ஆவணங்கள் வேண்டும், ஆங்கிலப் பள்ளியிலும் அதே ஆள் பற்றாக்குறைதான்.

நாம் விட்டுவந்த இலங்கையில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. 1912இல் மேரி சாப்மன் தொடங்கிய இரத்மலானைப் பள்ளியும், கைதடியில் நவில்ட் பாடசாலையும் செவிப்புலன், விழிப்புலன் இழந்த தமிழ்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவை. போர்க்காலத்திலும் கைதடி தன் பிள்ளைகளைக் கைவிடவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைகளை ஏற்றுக்கொண்ட சமூகம், எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளையை மொக்கு என்றும் ஓரிடத்தில் இருக்கமுடியாத பிள்ளையைக் குழப்படி என்றும் அடித்து வளர்த்தது. அந்தப் பழக்கம் விமானத்தில் நம்மோடு வந்துவிட்டது. பிள்ளையின் திட்டத்தை ஒளித்துவைக்கும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். திருமணப் பேச்சில் மூத்த மகளுக்குப் பாதிப்பு வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் அவர்களுடைய குற்றம் அல்ல, நாம் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கியது.

வயதையும் சொல்லிவிடுகிறேன். வழமையான பிள்ளைக்குப் பள்ளி உரிமை 18 வயது வரை. மாற்றுத்திறன் உள்ளவர்க்கு 21 வரை. 21இல் பள்ளி நின்ற பிறகு என்ன என்ற கேள்விக்கு வளர்ந்தோர் கல்வி, வேலைப் பயிற்சி, பகல்நேர நிலையம் என்று பதில்கள் உண்டு, எல்லாவற்றிலும் வரிசை உண்டு. பதினாறில் கேட்கத் தொடங்குங்கள்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். முதலாவது நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு. ஓட்டிசம் உள்ள பிள்ளையை, மெதுவாகக் கற்கும் பிள்ளையை ‘வகுப்பு குழம்பும்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். தமிழ் அந்தப் பிள்ளைக்குச் சுமை அல்ல என்பதை ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஒரு வகுப்புக்கு ஒரு துணை ஆள், படங்கள் போட்ட பாடம், நடுவில் ஓடி விளையாட ஓர் இடைவேளை இருந்தால் போதும், தொடங்கலாம். கல்வியியல் படிக்கும் நம் இளைஞர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பேச்சு மொழி வல்லுநர் படிப்பு மொன்றியல் பல்கலைக்கழகத்திலும் மக்கிலிலும் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஓர்த்தோபோனிஸ்ட்கள் நமக்கு மிகவும் தேவை. இந்த அறக்கட்டளை அந்தப் படிப்புக்கு ஓர் உதவித்தொகை வைத்தால் பெரிய காரியம் ஆகும். அறங்காவலர்கள் முன்னிலையில் கேட்கிறேன்.

இரண்டாவது பெற்றோருக்கு. பொதுக்கல்விச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி ஒவ்வொரு சேவை மையத்திலும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான ஆலோசனைக் குழு இருக்கவேண்டும். அதில் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உறுப்பினர். பிள்ளைகளுக்கான கொள்கை பற்றியும், பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது பற்றியும் அந்தக் குழு சேவை மையத்துக்குக் கருத்துச் சொல்லும். உறுப்பினராக வேண்டிய விண்ணப்பம் பள்ளியாண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கடிதங்களோடு வரும்; பெரும்பாலும் நாம் வாசிக்காமல் விடும் கடிதங்களில் ஒன்று அது. கூட்டம் பிரெஞ்சில் நடக்கும். பேசத் தயக்கமுள்ள பெற்றோருக்குத் துணையாக அருகில் உட்கார நானும், இந்தப் பணியில் உள்ள வேறு சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலருகே உள்ள மேசையில் எழுதிவிட்டுப் போங்கள்.